வெள்ளெழுத்துக்கு எந்தக் கண்ணாடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணுக்குப் பவர் பார்க்கும் வேலை எனக்கு. நாற்பதைத் தாண்டி வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவசரத்தில் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிடுகிறேன் என்று தோன்றியதால் எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும்.

1. போன வருஷம் வரை நன்றாகத்தானே தெரிந்தது, இப்போது மட்டும் ஏன் எழுத்து மங்குகிறது?

போன வருடமும் குறைந்துகொண்டுதான் இருந்தது. உங்களுக்குத் தேவையான அளவுக்குக் கீழே இப்போதுதான் இறங்கியிருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சிறு வயதில் நன்றாக வளைந்து கொடுக்கும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கும், லென்ஸ் உப்பும், எழுத்து தெளியும். அந்த லென்ஸ் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது, வளர வளர இறுகுகிறது. ஒரு கட்டத்தில் தசை தன் வேலையைச் செய்தாலும் லென்ஸ் மசிவதில்லை.

இந்த உப்பும் திறனை டயாப்டர் என்ற அலகில் அளக்கிறோம். பத்து வயதில் 12-க்குக் குறையாது. நாற்பதில் 5 அல்லது 6 இருக்கும், ஐம்பதில் 3 சொச்சம், அறுபதில் ஒன்றோ அதற்கும் கீழோ. 40 செ.மீ தூரத்தில் புத்தகத்தை வைத்துப் படிக்க 2.5 டயாப்டர் வேண்டும். கையில் இருப்பதையெல்லாம் செலவழித்துப் படித்தால் கண் களைத்துவிடும். பாதியாவது மிச்சம் இருந்தால்தான் வசதி. 5-இல் பாதி 2.5. நாற்பதை ஒட்டியே எல்லோருக்கும் தொல்லை ஆரம்பிப்பதன் கணக்கு இவ்வளவுதான்.

2. இதுதானே தூரப்பார்வை என்பது? எனக்கு பிளஸ் பவர் என்றுதான் சொன்னார்கள்.

இரண்டுக்கும் பிளஸ் லென்ஸ்தான் கொடுப்பார்கள், அதனால் வரும் குழப்பம். தூரப்பார்வை என்பது கண்ணின் அமைப்பு. விழி சற்றுக் குட்டையாக இருப்பதால் வருவது, குழந்தைக்கும் இருக்கலாம். வெள்ளெழுத்து வயதால் வருவது. பழைய தலைமுறையில் சிலர் சாளேஸ்வரம் என்பார்கள். இந்தியில் நாற்பதைக் குறிக்கும் சாலீஸ் என்ற சொல்லோடு உறவுள்ள பெயர் அது.

தூரப்பார்வை உள்ளவர்கள் லென்ஸின் உப்பும் திறனில் ஒரு பங்கைத் தூரத்தைப் பார்ப்பதற்கே செலவழித்துவிடுகிறார்கள். ஆகவே அவர்களுக்கு வெள்ளெழுத்து மற்றவர்களைவிடச் சில வருடம் முன்னாலேயே தெரியவரும்.

3. கண்ணாடி போட ஆரம்பித்தால் கண் சோம்பேறியாகி, பவர் ஏறிக்கொண்டே போகுமாமே?

பவர் ஏறும். கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். முதல் கேள்வியில் சொன்ன இறுக்கம் நீங்கள் போடுவதைப் பார்த்து நடப்பதில்லை. நாற்பதுகளின் தொடக்கத்தில் +1.00, ஐம்பதை ஒட்டி +1.75 அல்லது +2.00, அறுபதுக்கு மேல் +2.50 என்று போய் ஏறக்குறைய அங்கே நின்றுவிடும். அதற்குமேல் இழப்பதற்கு லென்ஸில் ஒன்றும் இல்லை.

சோம்பேறித்தனம் என்று தோன்றுவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு வாரம் தெளிவாகப் படித்துப் பழகியபின் கண்ணாடியைக் கழற்றினால் பழைய மங்கல் இரண்டு மடங்காகத் தெரியும். கண் கெட்டுப்போகவில்லை, உங்கள் பொறுமைதான் குறைந்திருக்கிறது.

4. கண்ணைச் சுழற்றும் பயிற்சி, பெருவிரலைப் பார்க்கும் பயிற்சியெல்லாம் செய்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. பயிற்சி தசைக்கு. இங்கே இறுகிப்போனது லென்ஸ். களைத்த கண்ணுக்கு நடுநடுவே தூரத்தைப் பார்ப்பது இதமாக இருக்கும், அதைச் செய்யுங்கள். பவர் குறையும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம்.

உண்மையில் உதவுவது வெளிச்சம். ஒரு சோதனை செய்து பாருங்கள். கெட்டி அட்டையில் குண்டூசியால் சின்னத் துளை போட்டு, கண்ணாடி இல்லாமல் அதன் வழியே மருந்துப் பாட்டிலின் பொடி எழுத்தைப் பாருங்கள். கொஞ்சம் இருட்டாக, ஆனால் தெளிவாகத் தெரியும். துளை சிறிதானால் குவியம் தவறிய ஒளியின் சிதறல் குறைகிறது. நல்ல வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கி அதுவே இந்தத் துளை போல வேலை செய்யும். ஜன்னலோரம் படிக்க முடிந்த எழுத்து மாலையில் மங்குவதும் இதனால்தான். இந்தத் துளையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 14-ஆம் கேள்வியில் மறுபடி வரும்.

5. இருப்பதிலேயே நல்லது எது, அதைச் சொல்லுங்கள். அதையே போட்டுவிடுகிறேன்.

என்னிடம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது, பதில் உங்கள் வீட்டில் இருக்கிறது. அளவு நாடா ஒன்றை எடுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமாக உட்காரும் கோணலோடு உட்காருங்கள். கண்ணிலிருந்து கைபேசி வரை எத்தனை செ.மீ, கணினித் திரை வரை எத்தனை, தைக்கும் ஊசி வரை எத்தனை என்று வேறு யாரையாவது விட்டு அளக்கச் சொல்லுங்கள். நீங்களே அளந்தால் குனிந்து கணக்கைக் கெடுத்துவிடுவீர்கள். அப்புறம் ஒவ்வொரு தூரத்திலும் நாளைக்கு எத்தனை மணி நேரம் கழிகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்தத் துண்டுச்சீட்டோடு வருகிறவருக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். வெறும் வயதை மட்டும் சொல்கிறவருக்கு அனுமானத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

100-ஐ அந்த செ.மீ-ஆல் வகுத்தால் அந்தத் தூரத்துக்குத் தேவையான டயாப்டர் வரும். 33 செ.மீ என்றால் 3, 40 என்றால் 2.5, 66 என்றால் 1.5, 80 என்றால் 1.25. உங்கள் கண்ணில் மிச்சம் இருக்கும் திறன் போக மீதியைக் கண்ணாடி கொடுக்க வேண்டும். திரைக்கும் புத்தகத்துக்கும் ஒரே பவர் ஏன் ஒத்துவருவதில்லை என்பது இப்போது தெரிந்திருக்கும்.

ஒரு தையல்காரர் வந்தார். “நான் படிக்கிறதே இல்லை, எனக்கு எதற்கு ரீடிங் கிளாஸ்?” என்றார். ஊசியில் நூல் கோக்க மட்டும் மகனைக் கூப்பிடுகிறாராம். படிப்புக் கண்ணாடி என்ற பெயரே அவரைக் கெடுத்துவிட்டது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் அளவு, போடாதவர்களோடு ஒப்பிட்டால் 22 சதவீத அளவுக்குக் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை, கொழுந்து தெரிய வேண்டும். உலகத்தில் 2015 கணக்குப்படி 180 கோடிப் பேருக்கு வெள்ளெழுத்து. அதில் 82 கோடிக்கு மேற்பட்டவர்கள் சரியான கண்ணாடி இல்லாமல் சிரமப்பட்டவர்கள்.

6. கடையில் ரெடிமேடாகத் தொங்கும் ரீடிங் கிளாஸை வாங்கினால் போதாதா? கண் கெட்டுவிடுமா?

கண் கெடாது. தூரத்துக்குப் பவர் இல்லாமல், இரண்டு கண்ணும் ஏறக்குறைய சமமாக, கண்ணின் முன்பரப்பு ஒரே சீராக வளையாததற்குக் கொடுக்கும் சிலிண்டர் பவரும் இல்லாமல் இருக்கிறவர்களுக்கு அது தாராளமாகப் போதும். மாற்றுக்கு ஒன்று வைத்துக்கொள்ளவும் வசதி.

அதன் குறை இரண்டு. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இருக்கும், லென்ஸ்களின் மையங்களுக்கு இடையிலான தூரமும் ஏதோ ஒரு சராசரி முகத்துக்கு வைத்ததாக இருக்கும். உங்கள் கண்பாவைகளின் இடைவெளி அதிலிருந்து விலகியிருந்தால் அரை மணி நேரத்தில் புருவத்துக்கு நடுவே வலி எடுக்கும். சின்னச் சீட்டைப் படிக்க அது பொருட்டில்லை. தினம் நான்கு மணி நேரம் படிக்கிறவர் அளந்து செய்துகொள்வதே நல்லது.

என் உண்மையான வருத்தம் வேறு. நாற்பதில் ஒருமுறை கண் மருத்துவரிடம் போயிருக்க வேண்டியவர் கடையோடு திரும்பிவிடுகிறார். வலியில்லாமல் பார்வையைத் தின்னும் கிளாக்கோமாவைப் பிடிக்க அது நல்ல வாய்ப்பு. கண்ணாடியை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், கண் அழுத்தமும் விழித்திரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

7. பவரைக் கொஞ்சம் கூட்டியே எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமல்லவா? இரண்டு வருஷம் கூடுதலாகவும் வருமே?

கடையில் நிற்கும்போது அப்படித்தான் தோன்றும். பவர் கூடினால் எழுத்து பெரிதாகத் தெரியும், மனதுக்குப் பிடித்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் புத்தகம் மூக்குக்கு அருகே ஏறிக்கொள்ளும். உப்பும் திறன் தீர்ந்துபோன ஒருவர் +3.00 போட்டால் 33 செ.மீ-இல் தெளிவு, அதைத் தாண்டினால் மங்கல். மேசையில் கிடக்கும் தாளுக்கு ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும்.

5-ஆம் கேள்வியில் அளந்த தூரத்தில் புத்தகத்தைப் பிடித்து, எந்தக் குறைந்த பவரில் வசதியாகப் படிக்க முடிகிறதோ அதோடு நின்றுகொள்ளுங்கள். இரண்டு பவருக்கு நடுவே தடுமாறினால் குறைந்ததை எடுங்கள்.

8. எனக்கு மைனஸ் பவர். கண்ணாடியைக் கழற்றினால் நன்றாகப் படிக்கிறேன். எனக்கு வெள்ளெழுத்து வரவில்லைதானே?

வந்திருக்கிறது, உங்கள் மைனஸ் அதை மறைக்கிறது. −2.50 உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் 40 செ.மீ-இல் தானாகவே தெளிவு விழும். ஊருக்கெல்லாம் ரீடிங் கிளாஸ் கொடுப்பதை அவர் கண்ணிலேயே வைத்திருக்கிறார். கழற்றிப் படிப்பதில் தப்பே இல்லை. −1.00 உள்ளவருக்கு அது ஒரு மீட்டரில் விழும், படிப்புக்குக் கொஞ்சம் உதவி வேண்டியிருக்கும். −6.00 என்றால் 17 செ.மீ, புத்தகம் முகத்தில் இடிக்கும்.

ஒரு சூட்சுமம். மைனஸ்காரர்கள் கண்ணாடியை விட்டுக் கான்டாக்ட் லென்ஸுக்கு மாறினால், அதுவரை தெரியாத வெள்ளெழுத்து திடீரென்று தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடி முகத்திலிருந்து சற்று விலகி நிற்பதால் கிடைத்துவந்த சின்னச் சலுகை போய்விடும். நாற்பதுக்கு மேல் லென்ஸ் மாற்றிவிட்டு “புது லென்ஸ் சரியில்லை” என்று வருகிறவர்களில் பலருக்குக் கதை இதுதான்.

9. பைஃபோகலா, புரொகிரசிவா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பைஃபோகல் பழைய ஏற்பாடு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1785-இல் எழுதிய கடிதம் ஒன்றில், இரண்டு கண்ணாடிகளின் லென்ஸ்களைப் பாதிப் பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் மேலும் கீழும் பொருத்திப் போட்டுக்கொள்வதைப் பற்றிச் சொல்கிறார். இன்றைக்கும் தத்துவம் அதேதான். மேலே தூரம், கீழே ஒரு ஜன்னல் போல கிட்டம், நடுவே கோடு. படிக்கும் பகுதி அகலமாக இருக்கும், பழக எளிது. கோட்டைத் தாண்டும்போது பொருள் ஒரு குதி குதிக்கும். அதைவிடப் பெரிய குறை, கணினித் திரையின் தூரத்துக்கு அதில் இடமே இல்லை. ஐம்பத்தைந்து வயதில், 60–70 செ.மீ-இல் இருப்பது மேல் பாதியிலும் தெரியாது, கீழ் பாதியிலும் தெரியாது.

புரொகிரசிவில் மேலிருந்து கீழே பவர் படிப்படியாக ஏறும், கோடு இருக்காது. பெர்னார் மெத்தனாஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் உருவாக்கிய வாரிலக்ஸ் 1959-இல் வந்தபின்தான் இந்த வகை பரவியது. எல்லாத் தூரமும் கிடைக்கும், ஆனால் ஒரு ஒற்றையடிப் பாதை வழியாகக் கிடைக்கும். பாதையின் இரண்டு ஓரத்திலும் கீழ்ப்பக்கம் நெளிவு இருக்கும். எந்தத் தயாரிப்பாளராலும் அதை முழுக்க நீக்க முடியாது. வளைவு மாறும் பரப்பின் குணம் அது. விலை உயர்ந்த வகைகளில் பாதை கொஞ்சம் அகலம், நெளிவு கொஞ்சம் மெது.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். நாளெல்லாம் நடமாடி, வண்டி ஓட்டி, கைபேசி பார்த்து, ஆட்களிடம் பேசுகிறவருக்குப் புரொகிரசிவ். பல வருடமாகப் பைஃபோகல் போட்டுக் குறையில்லாமல் இருக்கிறவரை மாற்ற நான் முயற்சி செய்வதில்லை. மாற வேண்டியவர் சீக்கிரம் மாறுவது நல்லது. +1.00 கட்டத்தில் நெளிவு குறைவு, கண் சுலபமாக ஏற்றுக்கொள்ளும். +2.50-இல் முதன்முதலாகப் போடுகிறவர் அதிகம் திணறுவார்.

10. புரொகிரசிவ் போட்டதும் தரை மேலே எழும்புகிற மாதிரி இருக்கிறது. படி இறங்கவே பயம். எத்தனை நாள் பொறுப்பது?

இரண்டு வாரம், அதுவும் காலையில் போட்டால் இரவு வரை கழற்றாமல். நடுநடுவே பழைய கண்ணாடிக்குத் திரும்பினால் பழகவே பழகாது. இரண்டு பழக்கம் வேண்டும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணை ஓரத்துக்கு ஓட்டாமல் மூக்கை அந்தப் பக்கம் திருப்புங்கள். படி இறங்கும்போது தாடையைத் தாழ்த்தி, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள். கீழ்ப்பகுதி 40 செ.மீ-க்கானது, உங்கள் கால் அதைவிடத் தூரத்தில் இருக்கிறது. ஏற்கெனவே தடுமாறி விழுந்திருக்கிற முதியவர்கள் வெளியே நடக்க, தூரத்துக்கு மட்டுமான தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வதே பத்திரம்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் உங்கள் மேல் தப்பு இல்லை, அளவைச் சந்தேகியுங்கள். கண்ணாடியைக் கழற்றி லென்ஸின் மேல் வாயால் ஊதி, பனி படரவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இடமும் வலமும் 34 மி.மீ இடைவெளியில் இரண்டு நுண்ணிய வட்டங்களோ குறிகளோ தெரியும். காதுப் பக்கத்துக் குறியின் கீழே, படிப்பதற்காகக் கூட்டிய பவரின் எண் பொறித்திருக்கும். இரண்டு குறிக்கும் நடுவே, சில மி.மீ மேலே, உங்கள் கண்பாவை வரவேண்டிய இடம். கடைக்காரரிடம் பேனாவால் அதைக் குறிக்கச் சொல்லி, போட்டுக்கொண்டு நேராகப் பாருங்கள். புள்ளி கண்பாவைக்கு 2 மி.மீ தள்ளி இருந்தாலே பாதை கைநழுவிவிடும். சில நேரம் மூக்குத்தாங்கியை நெருக்கினாலே தீர்ந்துவிடுகிறது.

11. சின்ன, ஒல்லியான ஃபிரேம்தான் எனக்கு அழகாக இருக்கிறது. அதில் புரொகிரசிவ் போடலாமா?

ஃபிரேமின் உயரம் 28, 30 மி.மீ-யாவது இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் படிக்கும் பகுதியைத்தான் வெட்டி எறிவார்கள். எதற்காகப் போடுகிறீர்களோ அதுவே போய்விடும்.

12. புரொகிரசிவ் போட்டும் கணினி பார்த்தால் கழுத்து வலிக்கிறதே?

தாடையை உயர்த்தி, லென்ஸின் நடுப்பாதை வழியாகத் திரையைத் துழாவிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் பாதை மிகவும் ஒடுக்கம். முதலில் திரையைத் தாழ்த்திப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம், பாதிப் பேருக்கு இதிலேயே தீரும்.

தினம் ஐந்தாறு மணி நேரம் திரை என்றால் ஆபீஸ் லென்ஸ் என்று சொல்லப்படும் வகையைக் கேளுங்கள். மேலே தூரத்தை விட்டுவிட்டு, திரையும் மேசையும் அகலமாகத் தெரியும்படி செய்தது. அறைக்குள் இரண்டு மூன்று மீட்டர் வரை தெரியும், வண்டி ஓட்ட உதவாது. இரண்டாவதாக ஒரு கண்ணாடியா என்று பலரும் முகம் சுளிக்கிறார்கள். அந்தத் துண்டுச்சீட்டில் திரைக்கு நேராக எத்தனை மணி நேரம் எழுதினீர்கள் என்று பாருங்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு வேண்டுமா என்றும் இங்கேயே கேட்பார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு 2023-இல் வந்தது. கணினியால் வரும் கண் களைப்பை அந்தப் பூச்சு குறைப்பதாகத் தெரியவில்லை. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் காசு கொடுங்கள், அது உதவும்.

13. கண்ணாடியே வேண்டாம், கான்டாக்ட் லென்ஸில் முடியாதா?

முடியும், இரண்டு வழி. மல்டிஃபோகல் கான்டாக்டில் தூரமும் கிட்டமும் ஒரே நேரத்தில் கண்ணில் விழும், மூளை வேண்டியதை எடுத்துக்கொள்ளும். பகலில் நன்றாக இருக்கும். மங்கல் வெளிச்சத்தில் எழுத்தின் அழுத்தம் கொஞ்சம் குறையும்.

இன்னொன்று மோனோவிஷன். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைப்பது. வலுவான கண்ணைத்தான் வழக்கமாகத் தூரத்துக்கு வைப்பார்கள். எது வலுவானது என்று நீங்களே பார்க்கலாம். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் காணாமல் போகிறதோ அதுதான் வலுவான கண். மோனோவிஷனில் ஆழம் அளக்கும் திறன் கொஞ்சம் குறையும். பந்து விளையாடுகிறவர்களும் இரவில் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களும் யோசிக்க வேண்டும். பழகிக்கொள்கிறவர்கள் மறந்தே போகிறார்கள், பழகாதவர்களுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் லென்ஸைக் கழற்றினால் போதும், பழையபடி ஆகிவிடும். 15-ஐப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

14. சொட்டு மருந்து போட்டால் கண்ணாடி வேண்டாமாமே?

சில மணி நேரத்துக்கு வேண்டாம். 4-ஆம் கேள்வியில் குண்டூசித் துளை போட்டோமே, அதையே மருந்து செய்கிறது, கண்பாவையைச் சுருக்குகிறது. பைலோகார்பின் கிளாக்கோமாவுக்குப் பல காலமாக இருக்கும் மருந்து. அதன் 1.25 சதவீதச் சொட்டை வெள்ளெழுத்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 அக்டோபரில் அனுமதித்தது. 2025 ஜூலையில் அசெக்லிடின் என்ற இன்னொன்றுக்கும் அனுமதி கிடைத்தது.

லென்ஸின் இறுக்கத்தை இவை மாற்றுவதில்லை. நாற்பதுகளில் இருப்பவர்களுக்கும் ஐம்பதின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கும் பலன் அதிகம். தலைவலி, கண் சிவப்பு, இருட்டில் இன்னும் இருட்டாகத் தெரிவது ஆகியவை பக்கவிளைவுகள். இரவில் வண்டி ஓட்டும்போது கவனம் வேண்டும். அரிதாக விழித்திரை கிழியவோ விலகவோ வாய்ப்பு உண்டு. மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள் பாவையை விரித்து விழித்திரையைச் சோதிக்காமல் இதைத் தொடக்கூடாது. என்னைக் கேட்டால் இது விசேஷ நாளுக்கான ஏற்பாடு.

15. இருபத்தைந்து வயதில் லேசிக் செய்துகொண்டேன். எனக்கும் வருமா? வந்தால் மறுபடி லேசர் செய்து எடுத்துவிடலாமா?

வரும். லேசிக் என்ற லேசர் சிகிச்சை கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தின், வளைவை மாற்றியது, இறுகுவது உள்ளே இருக்கும் லென்ஸ். பழைய மைனஸ் இருந்திருந்தால் 8-இல் சொன்ன மாதிரி கழற்றிவிட்டுப் படித்திருப்பீர்கள். அந்த வசதியைத்தான் லேசரில் கொடுத்துவிட்டீர்கள். திட்டவில்லை, இருபது வருடம் கண்ணாடி இல்லாமல் ஓடியதற்கும் இதற்கும் கணக்கு சரியாகிவிட்டது.

மறுபடி லேசர் செய்து ஒரு கண்ணைக் கிட்டத்துக்கு மாற்றலாம். மோனோவிஷன்தான், கழற்ற முடியாத மோனோவிஷன். ஆகவே அதற்குமுன் கான்டாக்ட் லென்ஸில் சில வாரம் வாழ்ந்து பாருங்கள். கருவிழிக்குள் சின்னத் தகடு வைக்கும் முறைகளும் வந்தன. 2016-இல் அனுமதி பெற்ற ஒன்றில் கருவிழி மங்கும் ஆபத்து கூடுதலாக இருப்பதாக 2018-இல் எஃப்டிஏவே எச்சரித்தது. புதிதாக வரும் எதற்கும் சில வருடம் வயதாகட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

16. கண்புரை அறுவைசிகிச்சையின்போதே மல்டிஃபோகல் லென்ஸ் வைத்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்தானே?

பலருக்கு அப்படித்தான் முடிகிறது, எல்லோருக்கும் இல்லை. மல்டிஃபோகல் லென்ஸ் உள்ளே வரும் ஒளியைத் தூரம், கிட்டம் என்று பங்கு பிரிக்கிறது. பங்கு பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கல் வெளிச்சத்தில் தெளிவு குறையலாம். விழித்திரையின் மையத்தில் கோளாறோ முற்றிய கிளாக்கோமாவோ இருப்பவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதில்லை. குவிய ஆழத்தை நீட்டும் ஈடாஃப் வகையில் வளையம் குறைவு, பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

ஒற்றைக் குவிய லென்ஸ் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். ஒரே தூரத்துக்கு அது கொடுக்கும் தெளிவு மற்றதில் வராது. எந்தத் தூரம் என்பதை முன்கூட்டியே பேச வேண்டும். ஆயுள் முழுக்கக் கண்ணாடியைக் கழற்றிப் படித்துப் பழகிய மைனஸ்காரர் ஒருவருக்குத் தூரத்துக்கு லென்ஸ் வைத்தார்கள். பார்வை பிரமாதம். ஆனால் படுக்கையில் படுத்தபடி வெறும் கண்ணால் படிக்கும் சுகம் போயிற்று. “அது போகும் என்று யாரும் சொல்லவில்லையே” என்றார். அவரும் தன் பழக்கத்தைச் சொல்லவில்லை. உங்கள் துண்டுச்சீட்டை அறுவைசிகிச்சை செய்யும் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

17. அறுபத்தைந்து வயது. இப்போது கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன்! பவர் குறைந்துவிட்டதா?

சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை, ஆனால் மருத்துவரைப் பாருங்கள். இறுகிய லென்ஸ் மறுபடி இளகாது. கண்புரை லென்ஸின் நடுவில் வளர ஆரம்பிக்கும்போது கண் மைனஸ் பக்கம் நகரும். 8-இல் சொன்னவரைப் போலக் கிட்டத்தில் தெளிவு வரும், தூரம் மங்கும். சில காலம் இப்படி ஓடும், பிறகு இரண்டுமே மங்கும். பயப்பட ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும்.

18. சர்க்கரை இருக்கிறது. மாதத்துக்கு ஒரு பவர் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

எல்லோரும் சரியாகத்தான் அளந்திருப்பார்கள். ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கினால் லென்ஸின் பவரும் மாறும். கட்டுப்பாட்டை மீறியிருந்த சர்க்கரைக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் கிட்டப் பார்வை திடீரென்று மோசமாகும், மருந்துதான் கெடுத்தது என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். சர்க்கரை சில வாரம் நிலையாக நின்றபிறகு அளந்து, அப்போது நல்ல கண்ணாடி செய்யுங்கள். அதுவரைக்கும் ஒரு ரெடிமேட் போதும். வருடம் ஒருமுறை விழித்திரைச் சோதனை தனி, அதைக் கண்ணாடியோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

19. ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று மங்கல். இதுவும் வெள்ளெழுத்துதானா?

இல்லை. வெள்ளெழுத்து இரண்டு கண்ணிலும் மெதுவாக வருவது. ஒரு கண் மட்டும் மங்குவது, நேர்கோடு நெளிந்து தெரிவது, மின்னல் வெட்டுவது, திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பது, திரை விழுவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணாடிக் கடைக்கு இல்லை.

20. தலைக்கு மேல் கையை உயர்த்தித்தான் எனக்கு வேலை. வயரிங். பைஃபோகலில் படிக்கும் பகுதி கீழே அல்லவா இருக்கிறது?

அருமையான கேள்வி, வருடத்துக்கு ஒருவர் கேட்பார். கிட்டப் பகுதி மேலேயும் ஒன்று, கீழேயும் ஒன்று என்று இரட்டை டி லென்ஸ் இருக்கிறது. நடுவில் தூரம். குழாய் வேலை, விமானி வேலை, உயர்ந்த அலமாரியில் பொடி எழுத்து தேடும் வேலை எல்லாவற்றுக்கும் ஆகும். எல்லாக் கடையிலும் கையிருப்பில் இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும். மேல்பகுதிக்கு எந்தத் தூரம் என்று ஏணியில் நின்று கையை உயர்த்தி அளந்துகொண்டு போங்கள்.

21. சரி, நீங்கள் என்ன போடுகிறீர்கள்?

வயது ஐம்பத்திரண்டு. நடமாடப் புரொகிரசிவ். பதிவேடு எழுதும் மேசையில் ஒரு ஆபீஸ் லென்ஸ், அதை அங்கிருந்து நகர்த்துவதில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் +2.00 ரெடிமேட் ஒன்று. படுத்துக்கொண்டு புரொகிரசிவில் படிக்க முடியாது, தலையணை தலையைத் தூக்கிவிடுவதால் கண் மேல்பகுதிக்குப் போய்விடும். அந்த ரெடிமேடின் ஒரு காது உடைந்து நூல் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.